வயல் சுண்டெலியும் மரபணு மாற்றிய சுண்டெலியும்: மூளைச் சுற்றுகளை அறிந்த வரலாறு

அறிமுகம்

மதுரைக்குத் தென்மேற்கே, திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் டி. கல்லுப்பட்டி. இவ்வட்டாரத்துப் புன்செய்க் காடுகளிலும் வயல் வரப்புகளிலும் சிறு வளைகளைக் காணாதவர் இருக்க முடியாது. அவற்றில் வாழும் உயிர்களில் ஒன்று, கட்டைவிரல் அளவே உடல் கொண்ட வயல் சுண்டெலி. பகல் முழுவதும் இருண்ட வளைக்குள் கிடக்கும் இது, பொழுது சாய்ந்த பின்னரே இரை தேட வெளிவருகிறது. சூரியனைப் பார்க்காமலே பொழுது சாய்ந்ததை அது எவ்வாறு அறிகிறது?

எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை காண அறிவியலுக்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன. அந்த விடையின் ஒரு பகுதி மதுரையில் கிடைத்தது. மற்றொரு பகுதி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளின் வழியாகக் கிடைத்தது. அதே முறைகள் நினைவு, அச்சம், மனவளர்ச்சிக் குறைபாடு ஆகியவற்றின் ஆய்வுக்கும் பயன்பட்டு, பெங்களூருவின் ஆய்வகங்கள் வரை வந்து சேர்ந்தன. இவ்வரலாற்றையும், அதன் பயன்களையும் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மதுரையில் தொடங்கிய ஆய்வு

மதுரைப் பல்கலைக்கழகம் 1966-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1978-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. நாகமலை அடிவாரத்தில் உள்ள இதன் வளாகத்தில், 1970-களில் விலங்கு நடத்தை ஆய்வுக்கு வலுவான அடித்தளம் இட்டவர் பேராசிரியர் மா. கி. சந்திரசேகரன். செருமனியின் டூபிங்கன் நகரில், உயிரியல் கடிகார ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரான எர்வின் பியூனிங்கிடம் பயிற்சி பெற்றவர் இவர். இந்தியாவில் காலஉயிரியல் என்னும் துறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர். 1979-ஆம் ஆண்டு சாந்தி சுவரூப் பட்நாகர் விருதைப் பெற்றார்.

விலை உயர்ந்த கருவிகளும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஆய்வக விலங்குகளும் இல்லாத சூழலில், இவரும் இவருடைய மாணவர்களும் சுற்றுப்புறத்து உயிர்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். குகைகளில் வாழும் இலைமூக்கு வௌவால்கள் ஒன்று. வயல் சுண்டெலி மற்றொன்று. இச்சுண்டெலியின் அறிவியல் பெயர் மஸ் பூடுகா. உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் மஸ் மஸ்குலஸ் என்னும் சுண்டெலிக்கு இது நெருங்கிய உறவு.

ஆய்வு முறை எளியது. ஒரு கூண்டில் ஒரு சுண்டெலி மட்டும் விடப்படும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்ற பழமொழி இங்கே ஆய்வு விதியாகவே ஆகிவிடுகிறது. கூண்டுடன் ஓர் ஓட்டச் சக்கரம் இணைக்கப்பட்டிருக்கும். சுண்டெலி அதில் ஏறி ஓடும் ஒவ்வொரு முறையும் நகரும் தாளில் ஒரு கோடு பதிவாகும். அறையில் இரவு பகல் வேறுபாடு இராது. தொடர்ந்து இருளே நிலவும்.

அவ்வாறு இருந்தும் சுண்டெலி குழம்புவதில்லை. ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடத் தொடங்கி, சில மணி நேரம் ஓடி, பின் ஓய்கிறது. இந்தச் சுழற்சி சரியாக 24 மணி நேரமாக இராமல் சற்றுக் கூடவோ குறையவோ இருப்பதால், ஓடத் தொடங்கும் நேரம் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நகர்கிறது. வெளியிலிருந்து ஏதேனும் ஒரு குறிப்பைப் பெற்று அது இயங்கியிருந்தால் இவ்வாறு நகராது. எனவே கடிகாரம் விலங்கின் உள்ளேயே இருக்கிறது என்பது தெளிவாகிறது.

அடுத்த கேள்வி, அக்கடிகாரம் வெளியுலகத்தோடு எவ்வாறு ஒத்துப்போகிறது என்பது. தொடர் இருளில் உள்ள சுண்டெலிக்குச் சில நிமிடங்கள் மட்டும் ஒளியைக் காட்டினர். அதன் இரவின் தொடக்கத்தில் ஒளி பட்டால், மறுநாள் அது தாமதமாக ஓடத் தொடங்கியது. இரவின் இறுதியில் ஒளி பட்டால், முன்னதாகவே தொடங்கியது. அதன் பகல் வேளையில் பட்ட ஒளி பெரிய மாற்றத்தை ஏற்படுத்தவில்லை. இரவு நேர விலங்குகள் பலவற்றிலும் காணப்படும் பொது விதி இது. அந்தியிலும் விடியலிலும் படும் சிறு ஒளியே, நாள்தோறும் கடிகாரத்தைத் திருத்தப் போதுமானது.

தாயே கடிகாரம்

இவ்வாய்வுகளில் உலகக் கவனம் பெற்றது, என். விசுவநாதனும் சந்திரசேகரனும் 1985-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு. வளைக்குள் பிறக்கும் குட்டிகள் கண் திறவாதவை. சூரிய ஒளியும் அவற்றை எட்டுவதில்லை. அவற்றின் கடிகாரத்தைத் திருத்துவது எது என்பதே ஆய்வின் கேள்வி.

ஒளியில் இரவு பகல் மாற்றம் இல்லாத அறையில் குட்டிகள் வைக்கப்பட்டன. தாய் மட்டும் நாளில் பாதி நேரம் அவற்றோடு இருந்தது. மீதி நேரம் பிரித்து வைக்கப்பட்டது. குட்டிகள் வளர்ந்து சக்கரத்தில் ஓடத் தொடங்கியபோது, அவற்றின் நேரம் தாயின் வருகையையும் பிரிவையும் ஒட்டி அமைந்திருந்தது. தாய் உடனிருந்த நேரத்தை அவை பகலாகவும், இல்லாத நேரத்தை இரவாகவும் எடுத்துக்கொண்டிருந்தன.

வயலில் நடப்பதோடு இது பொருந்துகிறது. பகலில் தாய் வளைக்குள் குட்டிகளோடு படுத்திருக்கிறது. இரவில் இரை தேடிப் போய்விடுகிறது. ஆகவே தாயின் அணைப்பே குட்டிக்குப் பகல். ஒளியைத் தவிர, உறவும் மூளையின் கடிகாரத்தைத் திருத்த வல்லது என்பதை மதுரையின் வயல் சுண்டெலி காட்டியது. இதே குழுவினர், இருண்ட குகையில் அடைத்து வைக்கப்பட்ட வௌவாலும் தன் கூட்டத்தாரின் போக்குவரத்தை ஒட்டித் தன் நேரத்தை அமைத்துக்கொள்கிறது என்று 1981-இல் காட்டியிருந்தனர்.

இவ்வாய்வுகள் விலங்கின் நடத்தையை வெளியிலிருந்து அளந்தவை. கடிகாரம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அவை துல்லியமாகக் கூறின. அது மூளையில் எந்த உயிரணுக்களால் ஆனது, எந்தப் பொருளால் இயங்குகிறது என்பதை அறிய வேறு வழி தேவைப்பட்டது.

மூளைக்குள் கடிகாரத்தின் இடம்

1972-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. கண்களிலிருந்து வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸ் பகுதியில் இரண்டு சிறு நரம்பணுத் திரள்கள் உள்ளன. சுருக்கமாக இவை எஸ்.சி.என். எனப்படுகின்றன. எலிகளில் இவற்றை அழித்தபோது, ஓடுவதும் நீர் அருந்துவதும் நேர ஒழுங்கை இழந்தன. சுமார் 20,000 நரம்பணுக்களே கொண்ட இச்சிறு பகுதியே உடலின் தலைமைக் கடிகாரம் என்று கருதப்பட்டது.

இதை உறுதிப்படுத்தியது ஒரு வெள்ளெலி. 1988-இல், சுழற்சி மிகக் குறுகிய வெள்ளெலி ஒன்று தற்செயலாகக் கண்டறியப்பட்டது. இயல்பான வெள்ளெலியின் சுழற்சி சுமார் 24 மணி நேரம். இந்தச் சடுதிமாற்றத்தைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்ற வெள்ளெலிகளின் சுழற்சி சுமார் 20 மணி நேரம். 1990-இல் மைக்கேல் மெனாக்கர் குழுவினர், எஸ்.சி.என். அழிக்கப்பட்ட வெள்ளெலிக்கு மற்றொரு வெள்ளெலியின் எஸ்.சி.என். திசுவைப் பொருத்தினர். இழந்த ஒழுங்கு மீண்டது. ஆனால் மீண்டது, திசுவைக் கொடுத்த விலங்கின் ஒழுங்கு. இவ்வாறு கடிகாரத்தின் இடம் உறுதியானது. எந்த மரபணுக்கள் அதை இயக்குகின்றன என்பது மட்டும் எஞ்சியது.

மரபணுவை மாற்றக் கற்ற கதை

சுண்டெலியின் மரபணுக்களை மனிதர் விரும்பியவாறு மாற்றும் முயற்சி 1970-களில் தொடங்கியது. 1974-இல் ருடால்ஃப் யேனிஷும் பியாட்ரிஸ் மின்ட்ஸும் சுண்டெலிக் கருவுக்குள் ஒரு வைரசின் டி.என்.ஏ.-வைச் செலுத்தினர். வளர்ந்த சுண்டெலியின் உடலில் அந்த டி.என்.ஏ. காணப்பட்டது. 1980-இல், கருவுற்ற முட்டைக்குள் நுண்ணிய ஊசியால் அயல் மரபணுவைச் செலுத்தும் முறை உருவானது. 1982-இல் ரிச்சர்ட் பால்மிட்டரும் ரால்ஃப் பிரின்ஸ்டரும் எலியின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் சுண்டெலிக்குள் செலுத்தி, இயல்பை விடப் பெரிய சுண்டெலிகளை உருவாக்கினர். அப்படம் செய்தித்தாள்களில் பரவலாக இடம்பெற்றது.

ஆனால் இம்முறையில் புதிய மரபணு எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்பதை முடிவு செய்ய இயலாது. ஏற்கெனவே உள்ள ஒரு மரபணுவைக் குறிவைத்துச் செயலிழக்கச் செய்ய வேண்டுமானால் வேறு உத்தி தேவை. 1981-இல் மார்ட்டின் எவான்ஸ், சுண்டெலிக் கருவின் ஸ்டெம் செல்களை ஆய்வகத்தில் வளர்க்கும் முறையைக் கண்டார். அந்தச் செல்களில் குறிப்பிட்ட மரபணுவைத் தேடிச் சென்று மாற்றும் வழியை மாரியோ கேப்பெக்கியும் ஆலிவர் ஸ்மித்தீஸும் தனித்தனியே வகுத்தனர். மாற்றிய செல்களை இளம் கருவுக்குள் செலுத்தி, அக்கருவை வளர்ப்புத் தாயின் கருப்பையில் வைத்தால், பிறக்கும் குட்டிகளின் வழியே அடுத்த தலைமுறைகளில் அந்த மரபணு இல்லாத சுண்டெலிகள் கிடைக்கும். 1989-இல் இத்தகைய முதல் சுண்டெலிகள் பற்றிய செய்தி வெளியானது. இம்மூவருக்கும் 2007-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்முறையின் தர்க்கம் எளியது. ஒரு மரபணு இல்லாமற் போனால் எந்த நடத்தை கெடுகிறது என்று பார்ப்பது. மிதிவண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிப் பார்த்து அதன் வேலையை அறிவது போன்றது இது. ஒரு வேறுபாடு உண்டு: உயிரில் ஒரு பாகம் போனால், மற்றொன்று அதன் வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்ளவும் கூடும்.

கடிகாரச் சுண்டெலி

கடிகார மரபணுவின் முதல் தடயம் பழ ஈயில் கிடைத்தது. 1971-இல் ரொனால்ட் கொனொப்காவும் சீமோர் பென்சரும், நேர ஒழுங்கு மாறிய ஈக்களிலிருந்து 'பீரியட்' என்ற மரபணுவை அடையாளம் கண்டனர். அது இயங்கும் முறையைப் பின்னர் விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோர் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர்.

பாலூட்டியில் இத்தகைய மரபணுவைத் தேட ஜோசப் தகஹாஷி வேறு வழியை மேற்கொண்டார். எந்த மரபணு என்று தெரியாத நிலையில் அதைக் குறிவைத்து நீக்க முடியாது. எனவே ஆண் சுண்டெலிகளுக்கு, மரபணுக்களில் ஆங்காங்கே சடுதிமாற்றம் ஏற்படுத்தும் வேதிப்பொருள் கொடுக்கப்பட்டது. அவற்றின் குட்டிகள் சுமார் 300, இருண்ட அறையில் ஓட்டச் சக்கரத்தோடு கண்காணிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று மட்டும், மற்றவற்றைவிட ஒரு மணி நேரம் நீண்ட சுழற்சியோடு ஓடியது. அதன் வழித்தோன்றல்களில், மாறிய மரபணுவை இருபுறமும் பெற்றவை 27 முதல் 28 மணி நேரச் சுழற்சியோடு தொடங்கி, தொடர் இருளில் விரைவில் ஒழுங்கையே இழந்தன. 1994-இல் இது வெளியிடப்பட்டது. மரபணுவுக்கு 'கிளாக்' எனப் பெயரிடப்பட்டது.

1997-இல் அம்மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அதற்குச் சான்றாக அமைந்ததும் மரபணு மாற்றிய சுண்டெலியே. பழுதான கடிகாரம் கொண்ட சுண்டெலிக் கருவில் பழுதற்ற மரபணுவைச் சேர்த்தபோது, பிறந்த சுண்டெலியின் ஓட்டம் ஒழுங்குக்குத் திரும்பியது. அதே ஆண்டில், பழ ஈயின் 'பீரியட்' மரபணுவுக்கு ஒத்த மரபணுக்கள் சுண்டெலியிலும் மனிதரிலும் இருப்பது தெரியவந்தது.

இவை இயங்கும் முறை, தண்ணீர்த் தொட்டியின் மிதவை போன்றது. கிளாக், பிமால்1 என்னும் இரு புரதங்கள் இணைந்து, பீரியட் முதலிய மரபணுக்களை இயங்கச் செய்கின்றன. அவற்றால் உருவாகும் புரதங்கள் உயிரணுவில் சேர்ந்து நிறைந்ததும், தம்மை உருவாக்கிய இயக்கத்தையே நிறுத்துகின்றன. அப்புரதங்கள் சிதைந்து குறைந்ததும் இயக்கம் மீண்டும் தொடங்குகிறது. இந்த ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கிறது. பிமால்1 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் இருளில் உடனே நேர ஒழுங்கை இழப்பது 2000-ஆம் ஆண்டு காட்டப்பட்டது. 2001-இல், மாலையிலேயே உறங்கி விடியலுக்கு வெகு முன்னரே விழித்துவிடும் ஒரு குடும்பத்தாரிடம், மனிதரின் பீரியட்2 மரபணுவில் மாற்றம் இருப்பது கண்டறியப்பட்டது.

பார்க்காத கண்

ஒளி கடிகாரத்தை எவ்வழியே எட்டுகிறது என்பதிலும் ஒரு புதிர் இருந்தது. விழித்திரையில் கோல்களும் கூம்புகளும் ஒளியை உணர்கின்றன என்பது பள்ளிப் பாடம். 1999-இல் ரஸ்ஸல் ஃபாஸ்டர் குழுவினர், இவ்விரு செல்களும் இல்லாத மரபணு மாற்றிய சுண்டெலிகளை ஆராய்ந்தனர். பார்வையற்ற அச்சுண்டெலிகளின் கடிகாரம், ஒளிக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொண்டே இருந்தது. கண்ணையே அகற்றினால்தான் அத்திறன் மறைந்தது.

விழித்திரையில் மூன்றாவது வகை ஒளியுணர் செல்கள் இருக்க வேண்டும் என்று இது காட்டியது. மெலனாப்சின் என்னும் நிறமி கொண்ட சில நரம்பணுக்களே அவை என்பது 2002-இல் தெரிந்தது. அதே ஆண்டில் மெலனாப்சின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், இந்தியாவில் பிறந்த சச்சிதானந்த பாண்டா. அச்சுண்டெலிகளின் கடிகாரம் ஒளிக்குக் குறைவாகவே அசைந்தது. ஆயினும் முற்றிலும் நிற்கவில்லை. கோல், கூம்பு, மெலனாப்சின் ஆகிய மூன்றும் செயலிழந்தபோதுதான் முற்றிலும் நின்றது. 2008-இல், மெலனாப்சின் செல்களையே அழித்த சுண்டெலிகள் உருவாக்கப்பட்டன. அவற்றுக்குப் பார்வை இருந்தது. பகலுக்கும் இரவுக்கும் ஏற்பக் கடிகாரத்தைத் திருத்தும் திறன் மட்டும் இல்லை.

கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் இரண்டு பாதைகளை இவ்வாறு பிரித்துக் காட்ட, மரபணு மாற்றிய சுண்டெலிகள் தேவைப்பட்டன. மதுரையில் அளந்த சில நிமிட ஒளியின் விளைவுக்கு, இப்போது செல்லின் பெயரோடும் நரம்பின் பாதையோடும் விளக்கம் கிடைத்தது. மெலனாப்சின் நீல ஒளியை மிகுதியாக ஈர்ப்பது. இரவில் திரை ஒளியைக் குறைக்குமாறு கூறப்படும் அறிவுரைக்கு இதுவும் ஓர் அடிப்படை.

நினைவும் அச்சமும்

கடிகார ஆய்வோடு உடன்வளர்ந்தது நினைவின் ஆய்வு. 1992-இல் அல்சினோ சில்வாவும் சுசுமு தோனெகாவாவும், ஹிப்போகேம்பஸ் பகுதியில் மிகுதியாக உள்ள ஒரு நொதியின் மரபணுவை நீக்கினர். கலங்கிய நீரில் மறைந்திருக்கும் மேடையை நீந்திக் கண்டுபிடிக்கும் சோதனையில், அச்சுண்டெலிகள் இடத்தை நினைவில் கொள்ளத் தடுமாறின.

ஒரு குறை இருந்தது. மரபணு உடல் முழுவதும், பிறவியிலிருந்தே இல்லாதபோது, கெட்டது நினைவா அல்லது மூளையின் வளர்ச்சியா என்று பிரித்துக் கூறுவது கடினம். நுண்ணுயிர் வைரஸ் ஒன்றிலிருந்து எடுத்த கிரீ என்னும் நொதியைக் கொண்டு, விரும்பிய செல்களில் மட்டும் மரபணுவை வெட்டி நீக்கும் முறை இதற்குத் தீர்வு தந்தது. 1996-இல் தோனெகாவா குழுவினர், ஹிப்போகேம்பசின் ஒரு சிறு பகுதியில் மட்டும் ஓர் ஏற்பியை நீக்கி, இட நினைவு அப்பகுதியைச் சார்ந்திருப்பதைக் காட்டினர்.

அடுத்த திருப்பம் குளத்துப் பாசியிலிருந்து வந்தது. கிளாமிடோமோனஸ் என்னும் பச்சைப்பாசியில், ஒளி பட்டால் திறக்கும் ஒரு புரதம் உண்டு. அதன் மரபணுவை நரம்பணுவுக்குள் செலுத்தினால், அந்த நரம்பணுவை ஒளியால் இயக்கலாம் என்று 2005-இல் எட் பாய்டனும் கார்ல் டைசராத்தும் காட்டினர். ஒளிமரபியல் என்னும் இம்முறையால், ஒரு செல்லை நீக்குவதோடு நில்லாமல், விரும்பிய நொடியில் இயக்கவும் முடிந்தது. 2012-இல் தோனெகாவா ஆய்வகத்தினர், ஒரு கூண்டில் அச்சமூட்டும் அனுபவத்தின்போது செயல்பட்ட நரம்பணுக்களில் மட்டும் இப்புரதம் உருவாகுமாறு செய்தனர். பின்னர் வேறொரு கூண்டில், அச்சுறுத்தல் ஏதும் இல்லாதபோது, அந்த நரம்பணுக்களில் ஒளி பாய்ச்சினர். சுண்டெலி அச்சத்தில் உறைந்து நின்றது.

பெங்களூருவில் ஒரு கேள்வி

மரபணு மாற்றிய சுண்டெலியின் நோக்கம் அறிவை வளர்ப்பதோடு முடிவதில்லை. ஃபிரஜைல் எக்ஸ் என்பது மரபு வழியாக வரும் மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசத்தோடும் தொடர்புடையது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு செயலிழப்பதே காரணம் என்பது 1991-இல் அறியப்பட்டது. 1994-இல் அம்மரபணு நீக்கப்பட்ட சுண்டெலி உருவாக்கப்பட்டது. அதன் நரம்பணுக்களின் இணைப்புகளில், நோயுற்ற மனிதரின் மூளையில் காணப்பட்டவை போன்ற மாற்றங்கள் தென்பட்டன.

பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சுமந்திரா சட்டர்ஜி, மன அழுத்தம் மூளையின் அமிக்டலா பகுதியை எவ்வாறு மாற்றுகிறது என்பதை எலிகளில் ஆராய்ந்து வந்தவர். அச்சமும் பதற்றமும் உருவாவதில் அப்பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. 2007-இல் அவரும், நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் பி. எஸ். சங்கரநாராயண ராவும், தோனெகாவா குழுவினரும் இணைந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஃபிரஜைல் எக்ஸ் சுண்டெலிகளில் ஒரு நொதியின் செயலை மரபணு வழியாகக் குறைத்தபோது, நரம்பணு இணைப்புகளிலும் நடத்தையிலும் இருந்த குறைகள் சில சீரடைந்தன. பிறவிக் குறைபாடு என்றால் மாற்றவே முடியாது என்ற எண்ணத்தை இத்தகைய முடிவுகள் அசைத்தன. 2010-இல் சட்டர்ஜி குழுவினர், இச்சுண்டெலிகளின் அமிக்டலாவில் உள்ள இணைப்புக் குறைகளையும், மருந்தால் அவற்றுள் சில மீள்வதையும் விவரித்தனர்.

இதன் தொடர்ச்சி கவனத்துக்கு உரியது. சுண்டெலிகளில் நன்கு பயனளித்த ஒரு வகை மருந்துகள், ஃபிரஜைல் எக்ஸ் உள்ள மனிதரிடம் சோதிக்கப்பட்டபோது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. நம்பிக்கையோடு காத்திருந்த குடும்பங்களுக்கு அது பெரும் ஏமாற்றம். சுண்டெலி நோயின் ஒரு கூறைக் காட்டுமே தவிர, நோயாளியின் முழு வாழ்வைக் காட்டாது.

ஆய்வகச் சுண்டெலி மீண்டும் வெளியில்

இந்த எல்லைக்கு ஒரு காரணம், ஆய்வகச் சுண்டெலியே இயற்கையிலிருந்து விலகிய உயிர் என்பது. பல தலைமுறைகள் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து உருவானது அது. இருளில் சுரந்து இரவை உடலுக்கு அறிவிக்கும் ஹார்மோன் மெலட்டோனின். பரவலாகப் பயன்படும் ஆய்வகச் சுண்டெலி வகைகளில் பெரும்பாலானவை, மரபணுக் குறையால் அதைப் போதிய அளவு சுரப்பதில்லை. நேரத்தை ஆராயவும் பயன்படும் விலங்கில் இப்படியொரு குறை இருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆய்வாளர்கள் சிலர் சுண்டெலிகளை வெளிப்புற அடைப்புகளில் விட்டுப் பார்த்தனர். 2011-இல் செர்ஜ் டான் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத்தில் இரவு விலங்காகவே அறியப்பட்ட சுண்டெலிகள், வெளியில் பகலிலும் கணிசமாக நடமாடின. 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் முக்கியமானது. வெள்ளெலியில் கண்ட வேகக் கடிகார மாற்றத்தை மரபணு மாற்றத்தால் பெற்ற சுண்டெலிகளும், இயல்பான சுண்டெலிகளும் ஒன்றாகத் திறந்தவெளி அடைப்புகளில் விடப்பட்டன. தொடக்கத்தில் மாறிய மரபணுவின் பங்கு ஏறத்தாழப் பாதி. 14 மாதங்களில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. கூண்டில் நலமாக வாழ்ந்த மாற்றம், வெயிலும் குளிரும் இரை தேடலும் உள்ள இடத்தில் பின்தங்கியது. வெளியுலகத்தோடு பொருந்தும் கடிகாரம் உயிர் வாழ்வுக்கு ஏன் தேவை என்பதற்கு இது நேரடிச் சான்று.

மரபணு மாற்றிய சுண்டெலி இவ்வாறு கூண்டை விட்டு வெளியே வந்தபோது, சந்திரசேகரனும் மாணவர்களும் தொடங்கிய இடத்துக்கே ஆய்வு திரும்பியது எனலாம். இயற்கையில் வாழும் உயிரின் நடத்தையை முதலில் கவனித்தால்தான், எந்த மரபணுவை எதற்காக மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது தெரியும்.

சட்டமும் அறமும்

இத்தகைய ஆய்வில் விலங்குகள் துன்புறுகின்றன, உயிரிழக்கின்றன. இதை மறைத்து இவ்வரலாற்றைக் கூற இயலாது. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், விலங்குகள் மீதான சோதனைகளைக் கட்டுப்படுத்தவும் மேற்பார்வையிடவும் ஒரு குழு செயல்படுகிறது. ஒவ்வோர் ஆய்வு நிறுவனத்திலும் விலங்கு அறநெறிக் குழு ஆய்வுத் திட்டத்தை ஆராய்ந்த பின்னரே சோதனை தொடங்கலாம். மரபணு மாற்றிய உயிர்களைக் கையாளுவதற்கு, 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989-இல் வகுக்கப்பட்ட விதிகள் உள்ளன.

1959-இல் வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் ஆகிய இருவர் வகுத்த மூன்று நெறிகள் இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன. இயன்ற இடத்தில் விலங்குக்கு மாற்று வழியைத் தேடுதல், பயன்படுத்தும் எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்பன அவை. ஓட்டச் சக்கரத்தில் சுண்டெலியின் ஓட்டத்தைப் பதிவு செய்வது போன்ற சோதனைகள், விலங்குக்குக் காயம் ஏற்படுத்தாமலே ஆழமான கேள்விகளுக்கு விடை தர முடியும் என்பதையும் காட்டியுள்ளன.

முடிவுரை

மூளைச் சுற்றுகளின் வரலாற்றில் இரண்டு சுண்டெலிகளுக்கும் இடம் உண்டு. வயல் சுண்டெலி, நடத்தையின் ஒழுங்கைக் காட்டியது. மரபணு மாற்றிய சுண்டெலி, அந்த ஒழுங்குக்குப் பின்னால் உள்ள மரபணுக்களையும் செல்களையும் பாதைகளையும் காட்டியது. முதலாவது இல்லாமல் இரண்டாவதற்குச் சரியான கேள்வி கிடைக்காது. இரண்டாவது இல்லாமல் முதலாவதன் கேள்வி பாதியிலேயே நின்றுவிடும்.

தமிழகத்து மாணவர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. மரபணுவை மாற்றும் ஆய்வகம் எல்லா ஊர்களிலும் அமைவதில்லை. ஆனால் தாய் சுண்டெலியின் வருகையைக் குட்டிகள் பகலாகக் கொள்கின்றன என்பதைக் கண்டறிய, சில கூண்டுகளும் சக்கரங்களும் பொறுமையும் நல்ல கேள்வியும் போதுமானவையாக இருந்தன. அந்த ஆய்வின் விலங்கு தொலைநாட்டிலிருந்து வந்ததல்ல. டி. கல்லுப்பட்டியின் வரப்புகளில் இன்றும் அந்தி சாய்ந்ததும் வளையை விட்டு வெளிவருகிற அதே சுண்டெலிதான்.